யார் எழுதிய ஆயிரத்து ஐநூறு

மூன்று மணிக்கு சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பப் போவதாக எல்லோருக்கும் மெயில் போட்டவள் ரெஜினாதான், அதனால் அந்த மூன்று மணியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. இப்போது ஒன்று நாற்பது. கூடத்தில் ஒரு ஆள் இல்லை, சாப்பாட்டு நேரம், எல்லோரும் பின்கட்டு மேசைக்குப் போய்விட்டார்கள், டப்பா மூடிகளின் சத்தமும் யாருடையதோ மீன் குழம்பின் வாசனையும் மட்டும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. திரையில் இரண்டு பெட்டிகள், ஒன்றில் பெயர், இன்னொன்றில் பாஸ்வேர்டு, அடியில் 'உள்ளே செல்' என்று ஒரு பட்டன், இவ்வளவுதான், இதற்கா மூன்று வாரம் என்று கேட்டால் ஆமாம் இதற்குத்தான் மூன்று வாரம், வாசலே இல்லாத வீட்டுக்கு வாசல் வைப்பது என்றால் எங்காவது சுவரை இடிக்க வேண்டியிருக்கிறது. ஏழு வருஷமாக இந்த நிலத்தடி நீர் ஆய்வு மையத்தில் பதினோரு பேரும் ஒரே முகவரியைத் திறந்து கேள்வி கேட்பாரில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், நோட்புக் என்பார்கள் அதை, காகித நோட்டு இல்லை, பிரவுசரில் திறக்கும் பக்கம், பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு கட்டத்தில் நிரலை எழுதி ஓட்டினால் விடை அதற்கு அடியிலேயே வந்து நிற்கும். யார் திறந்தாலும் சர்வருக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். அதனால் ஒரு வழக்கம் இருந்தது, அடுத்தவர் நோட்புக்கைத் திறக்குமுன் கூடத்தில் குரல் கொடுக்க வேண்டும், 'வேதாரண்யம் கிணறு, ரெஜினா உள்ளே' என்று, நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் கத்துவது மாதிரி, கேட்டவர் கையை எடுத்துக்கொள்வார். அந்தக் கத்தல்தான் இத்தனை வருஷமும் லாகின். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் வெட்கப்படுவார்கள், இரண்டாம் வாரம் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவார்கள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதை நினைக்க வேண்டாம் என்று கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்று நாற்பத்திரண்டு ஆகியிருந்தது.

லாகின் வைத்தாயிற்று, சோதித்தாயிற்று, தன் பெயரில் நுழைந்து வெளியே வந்து, தப்பான பாஸ்வேர்டு போட்டு 'அனுமதி இல்லை' என்று திட்டு வாங்கி, எல்லாம் சரி. மிச்சம் இருப்பது உரிமையாளர் பட்டியல். இருநூற்றுப் பதினான்கு நோட்புக்குகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருடையது என்று ஒரு பெயர் வேண்டும், பெயரில்லாதது புது வாசலுக்குள் வராது, அழிந்துபோகும். போன வாரம் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி உங்கள் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள். வந்ததைப் பார்த்தால் சொத்துத் தகராறே தோற்றுவிடும், ஒழுங்காக ஓடுகிற நோட்புக் ஒன்றுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடியிருந்தார்கள், தலைப்பே இல்லாமல் கிடந்த நாற்பத்தொன்றுக்குத் தாய் தகப்பன் யாருமில்லை, 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று வரிசையாக இருந்ததில் கடைசியை மட்டும் ஒருவர் ஏற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் தெரியாதவர் போல விட்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் நிரப்பிக்கொண்டு வந்தாள். பழைய முகவரிகளை நீக்காமல் மெயிலை அனுப்பியிருந்தது இன்று காலை வரை அவளுக்குத் தெரியாது. காலையில் பூவராகன் சாரிடமிருந்து பதில் வந்தது. வேலையை விட்டுப்போய் ஏழு மாதம் ஆன மனிதர். 'ரெஜினா, பட்டியலை இரண்டு தடவை பார்த்தேன். ஒன்பது நோட்புக் நான் எழுதியதாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எதிலும் நிச்சயமில்லை. எதையும் என் பெயரில் போட வேண்டாம்.' இவ்வளவுதான் மெயில். அந்த ஒன்பதையும் அவர் எழுதியதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். கிணற்று நீரில் உப்பு ஏறும் கணக்கை இந்த மையத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர், தன் கையெழுத்தைத் தனக்கே தெரியவில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து அந்த ஒன்பதைத் தாண்டித் தாண்டி மற்றதை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இதே சாப்பாட்டு நேரம். கூடம் இப்படித்தான் காலியாக இருந்தது. வரவேற்பறைப் பலகையில் ஒட்ட ஒரு படம் வேண்டும், லிட்டருக்கு ஐநூறு மில்லிகிராம் உப்பு என்கிற எல்லையை இன்னும் தளர்த்தினால் எத்தனை கிணறு தேறும் என்று காட்டுகிற மாதிரி, என்று டைரக்டர் சௌதாமினி மேடம் கேட்டிருந்தார். அதற்குப் புதிதாக எழுத சோம்பல். பூவராகன் சாரின் நோட்புக் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் திறந்து நடுவில் ஒரு கட்டம் சேர்த்து 'எல்லை = 1500' என்று எழுதி ஓட்டினாள், படம் வந்தது, எல்லை எவ்வளவு என்று எழுதாத படம், எடுத்துக்கொண்டாள், சேர்த்த கட்டத்தை அழித்தாள். கத்தவில்லை, யாரும் இல்லாத கூடத்தில் யாரிடம் கத்துவது. பக்கம் முன்பிருந்தபடியே இருந்தது, உச்சியில் அவர் எழுதிய 'எல்லை = 500' அப்படியே இருந்தது, ஒரு துரும்பு இடம் மாறவில்லை. ஆனால் நோட்புக்குக்கு இரண்டு உடம்பு. கண்ணுக்குத் தெரியும் பக்கம் ஒன்று, பின்னால் ஓடுகிற நினைவு ஒன்று. பக்கத்தில் அழித்தால் நினைவில் அழியாது, கடைசியாக ஓட்டியது எதுவோ அதைத்தான் அது பிடித்துக்கொண்டிருக்கும், திரும்ப எழுப்பும் வரை. இது அவளுக்குத் தெரியாதா, சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே அவள்தானே சொல்லிக்கொடுக்கிறாள். தெரிந்தும் மறந்துவிட்டாள், கேஸை அணைக்க மறக்கிற மாதிரி, பூட்டினோமா என்று நடுவழியில் நினைத்துப் பார்க்கிற மாதிரி. இல்லை, அப்படி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிடப் போனாள். அன்றைக்கு எலுமிச்சை சாதம், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பூவராகன் சார் வந்து புதிய அளவுகளை ஏற்றி, உச்சிக் கட்டத்தை ஓட்டாமல் கீழ்க்கட்டங்களை மட்டும் ஓட்டினார், தினமும் அப்படித்தான் ஓட்டுவார், எல்லை எங்கே மாறப்போகிறது. ஐநூறு என்று எழுதிய பக்கத்திலிருந்து ஆயிரத்து ஐநூறுக்கான விடை வந்தது. குடிக்கத் தகுந்தவை என்று இருபத்து மூன்று கிணறு கூடுதலாக ஏறிய பட்டியல் அன்று மாலையே ஊராட்சிகளுக்குப் போனது.

பட்டியல் போன பிறகு நடந்த அந்தக் கூட்டத்தை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. ஊராட்சித் தலைவர் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மேசை நடுவில் வைத்து, இதைத்தானே நல்ல தண்ணி என்று எழுதியிருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு வாய் குடியுங்கள் பார்க்கலாம் என்றார். யாரும் குடிக்கவில்லை. மேடம் மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பூவராகன் சார் நோட்புக்கைத் திரையில் போட்டுக் காட்டினார், பாருங்கள் ஐநூறு என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று. மேடம் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இது ஆயிரத்து ஐநூறுக்கு வந்த விடை, ஆயிரத்து ஐநூறில் ஓட்டிவிட்டு மாட்டிக்கொண்டதும் ஐநூறு என்று திருத்திவிட்டீர்கள் என்றார். ஆயிரத்து ஐநூறு என்று காதில் விழுந்த நொடியில் ரெஜினாவுக்கு எல்லாம் புரிந்தது, எலுமிச்சை சாதம் உட்பட. மேடம் அவள் பக்கம் திரும்பி, சர்வரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். இல்லை மேடம் என்றாள். அது பொய்யில்லை, சர்வரில் ஒரு கோளாறும் இல்லை, சர்வர் சொன்னபடி கேட்டிருந்தது. இன்றுவரை அவள் தனக்குள் திரும்பத் திரும்ப எடுத்து நீட்டுகிற ஒரே சமாதானம் அது, பொய்யில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில், கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்க இருந்தது, அதுவும் ஒரு காரணம், முழுக் காரணம் அது இல்லை, முழுக் காரணம் வெறும் பயம், பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்கிற பள்ளிக்கூடத்துப் பயம். அந்த ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தாள், அடுத்த நாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி சேர்ந்துகொள்ளும், அதற்கடுத்த நாள் அது இரண்டு நாளாகும். இனிமேல் யார் எதைச் செய்தார்கள் என்று தெரிய வேண்டும், லாகின் வையுங்கள் என்று மேடம் உத்தரவு போட்டதும் அந்தக் கூட்டத்தில்தான். வைக்கச் சொன்னது அவளை, தள்ளித் தள்ளிப் போட்டு மூன்று வாரம் முன்புதான் கையில் எடுத்தாள்.

பொய் சொன்னார் என்று மேடம் சொன்னதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, பூவராகன் சார் சண்டை போட்டிருப்பார், அவரோ தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். நான் எழுதவில்லை, நான் எழுதவில்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தவர் இரண்டாம் வாரம், நான் எழுதின ஞாபகம் இல்லை என்றார். மூன்றாம் வாரம் சொல்வதை நிறுத்திவிட்டார். அவருடைய அப்பா கடைசி நான்கு வருஷம் ஞாபகம் தப்பிப்போய்க் கிடந்தவர், பெற்ற மகனை பேங்க் பியூன் என்று நினைத்துக் கையெழுத்துப் போடக் காகிதம் கேட்டுக் கையை நீட்டுவாராம், இதை ஒரு தடவை டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார், அவளும் சிரித்தாள். அது அவருக்கும் வர ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார், நாற்பத்தாறு வயதில். டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம், ஆரம்பத்தில் எதுவும் தெரியாது சார் என்றும் சொன்னாராம், அந்த இரண்டாவதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மாயவரம் போய் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போன் பண்ணுவார், அவளிடம் மட்டும்தான் பேசுகிறாராம், நீ ஒருத்திதான் அன்னிக்கு என்னை ஒண்ணும் சொல்லல என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தால் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது. ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், பசங்க முன்னாடி நின்னு என்ன சொல்ல வந்தோம்னு தெரியாம முழிச்சா என்ன பண்றது என்று மறுத்துவிட்டார். ரெஜினா ஒரு சனிக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம்கூடச் செய்துவிட்டாள், உண்மையை மறைத்தேன் என்று மட்டும் சொன்னாள், என்ன உண்மை, யாரிடம் என்று சாமியார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார், சொன்னாள், பத்தும் வாயிலேயே நின்றுவிட்டன. வீட்டில் சில நேரம் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தால் அந்த எண் ஞாபகம் வந்து நிற்கிறது. பேய் என்றால் இப்படித்தான் இருக்கும் போல, வெள்ளைப் புடவை எல்லாம் கட்டிக்கொண்டு வராது, நான்கு இலக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு பதினெட்டு. பூவராகன் சாரின் ஒன்பது வரிகளுக்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. அவற்றில் அந்த வெள்ளிக்கிழமை திறந்த நோட்புக் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும், எட்டு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை, ராசியில்லாத வீடு என்பதுபோல ஒதுங்கிப் போனார்கள், கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் காப்பாற்றியது. தான் ஓட்டிய ஒவ்வொரு வரியையும் வரிசை எண் போட்டு நினைவு உள்ளே வைத்துக்கொண்டிருக்கும், பக்கத்திலிருந்து அழித்த வரியையும் சேர்த்து. கேட்டால் கொடுக்கும். எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். மூன்று மணிக்குப் பட்டனை அழுத்தினால் அதுவும் போய்விடும், கழுவித் துடைத்த மாதிரி. போகட்டுமே என்று ஒரு குரல் உள்ளே மெதுவாகச் சொன்னது, அவளுடைய குரல்தான், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், வேலையை மட்டும் செய், மெயிலில் சொன்னபடி மூன்று மணிக்கு அழுத்து, அவர்தான் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாரே, ஒன்பதையும் வெறுமையாக விடு, எல்லாம் தானாகவே காணாமல் போகும். அவ்வளவு சுலபம். அந்தச் சுலபம்தான் அவளைப் பயமுறுத்தியது. திறந்தாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை, அன்றைக்கு மாதிரியே. இதுவரை ஓட்டியதையெல்லாம் காட்டு என்று எழுதி ஓட்டினாள். கோடியக்கரை, தலைஞாயிறு, கிணற்று எண்கள், ஆழம், உப்பு, அவருடைய வரிகள், ஒரு இடத்தில் சிவப்பாகப் பிழை வந்து அடுத்த வரியிலேயே திருத்தியது, அவர் யோசித்த வரிசையெல்லாம் அப்படியே. நூற்றுப் பதினெட்டு, எல்லை = 1500. இருந்தது. தேதி இல்லை, மணி இல்லை, ஆள் இல்லை, வெறும் எண்ணும் வரியும். பார்த்ததும் அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, வந்தது ஒரு விதமான சந்தோஷம், இதோ இருக்கிறது, கற்பனை இல்லை, கையில் பிடித்துக் காட்டலாம், சார் உங்களுக்கு ஒன்றுமில்லை, உங்கள் புத்தி கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம், அந்தக் கல்லூரியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம். இதைக் காட்டினால் அவர் நம்பாமல் இருக்க முடியாது. மூச்சு சீராக வந்தது, எட்டு மாதத்தில் முதல் தடவை.

போனை எடுத்தாள், வைத்தாள். தண்ணீர் குடித்தாள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள், முதலில் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், பிறகு எப்படி என்று. இல்லை, முதலில் எப்படி என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும், எடுத்த எடுப்பில் நான்தான் என்றால் எது நீ என்று கேட்பார், விளக்குவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும், முதலில் வரியைச் சொல்லிவிடலாம், வரி கிடைத்துவிட்டது என்று, அதைச் சொல்வது எளிது, பிறகு ஒரு மூச்சு விட்டு மற்றது. இரண்டு முப்பத்தொன்று. பின்கட்டில் பைப்பைத் திறந்து டப்பா கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், போன் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், மெயில் பார்த்தியாம்மா என்றார். பார்த்தேன் சார், அது விஷயமாகத்தான் என்றாள். உங்கள் நோட்புக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் நினைவை எடுத்துப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டாவது வரி எல்லை ஆயிரத்து ஐநூறு என்று ஓட்டியிருக்கிறது, பிறகு அந்தக் கட்டத்தை அழித்திருக்கிறது, அதனால்தான் பக்கத்தில் தெரியவில்லை என்று மளமளவென்று சொல்லிவிட்டு, நினைத்து வைத்திருந்த அந்த ஒரு மூச்சை இழுத்தாள். அந்த ஒரு மூச்சுக்குள் அவர் பேசிவிட்டார்.

"இருக்கா?" என்றார். "அப்போ நான்தான் எழுதியிருக்கேன். எழுதி, ஓட்டி, அழிச்சும் இருக்கேன். ஒண்ணுகூட ஞாபகம் இல்ல பாரு."

இல்லை சார், நான், என்று ஆரம்பித்தாள். அவர் நிதானமாகப் பேசிக்கொண்டே போனார், அழவில்லை, குரலில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது, எட்டு மாதமாக அந்த எண் எங்கிருந்து வந்தது என்றுதான் தேடிக்கொண்டிருந்தாராம், ராத்திரியும் பகலும் அதே வேலையாம், சர்வரா, மேடமா, வேறு யாராவதா என்று எல்லோர் மேலும் சந்தேகப்பட்டாராம், அது பாவம் இல்லையா, இனி அந்தப் பாவம் வேண்டாம்.

"சார், அது நான் எழுதினது. நான்தான். நீங்க சாப்பிடப் போனப்ப உங்க நோட்புக்கைத் திறந்து நான் ஓட்டினேன். மேடத்துக்குப் படம் எடுக்க. நான்தான் அழிச்சேன்."

அவர் சிரித்தார், குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு.

"நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னு தெரியும். அன்னிக்கு மீட்டிங்ல நீயும்தானே இருந்தே. நீயா இருந்தா அப்பவே எழுந்து சொல்லியிருக்க மாட்டியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

நான் பயந்துட்டேன் சார் என்றாள், சத்தியமாக நான்தான் என்றாள், மாதா மேல ஆணை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒருவர் மனசைத் தேற்றச் சொல்கிற பேச்சு மாதிரி ஒலித்தது. திரையில் நூற்றுப் பதினெட்டு அப்படியே நின்றது, அவள் பக்கம் சாட்சி சொல்ல அதில் ஒரு எழுத்து இல்லை, ஏழு வருஷமாக எல்லோரும் ஒரே ஆளாக இருந்த சர்வர் அது, அவளும் அவர்தான், அவரும் அவள்தான். அழாதேம்மா என்றார் அவர். அழுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு உதவி பண்ணு. மத்த எட்டும் யாரோடதோ, எனக்குத் தெரியாது. அந்த ஒண்ணை மட்டும் என் பேர்ல போட்டுடு. அது நிச்சயமா என்னோடதுதான்."

பின்கட்டிலிருந்து எல்லோரும் பேசிக்கொண்டே வருவது கேட்டது, முடிஞ்சுதா ரெஜினா என்று யாரோ தூரத்திலிருந்தே கேட்டார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேரம் ஆச்சு, வேலையைப் பாரு என்றார் அவர், வைக்கப் போனவர் திரும்ப, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. சாப்பிட்டேன் சார் என்றாள். அதை அவர் உடனே நம்பினார்.